வாயில் நிற்காத பறி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஒரு கல்லறைத் தோட்டத்தில் தூங்கிப்போனேன்.

பதறாதீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, தெரியுமில்லையா... அங்கேதான். வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவலுக்கு நிற்கும். உள்ளே மர நிழல், ஏரிக்காற்று, ஆள் அரவமே கிடையாது. என் வயதுக்காரி ஒருத்தி பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, திருப்பாலைவனம் வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தால், அந்த நிழலைப் பார்த்ததும் என்ன செய்வாள்? உட்காருவாள். அப்புறம் சாய்வாள்.

நான் போனது அஞ்சலையைப் பார்க்க. ஏரிக்குள்ளே தள்ளி இருக்கிற ஒரு குப்பத்தில் அவளும் அவள் புருஷன் ஏழுமலையும் இருக்கிறார்கள். கூரையை எடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடு போட்டிருக்கிறார்களாம். "ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போ நர்ஸம்மா" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்கரைக்குப் போகிற படகுக்காரர் சாப்பிடப் போயிருந்தார், மாற்றாள் ஓட்டிப்போன படகு இன்னும் திரும்பவில்லை. அதனால்தான் இந்தக் கல்லறை வாசம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் ரிட்டயர் ஆன நர்ஸ் என்பது தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் — ஆமாம், ஊசி போடுகிறவள்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த ஏரிக்கரையில் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன்.

அஞ்சலையும் ஏழுமலையும் வலை போடுகிறவர்கள் இல்லை. கையால் இறால் பிடிக்கிறவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் மண்டி போட்டு, ஊர்ந்து ஊர்ந்து, சேற்றைக் கையால் தடவிக்கொண்டே போவார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டால் பிடித்துக் கூடையில் போட வேண்டும். ரெண்டு கையும் சேற்றில் இருக்கிறதே, கூடையை எங்கே வைப்பது?

வாயில்.

பனை ஓலையில் முடைந்த சின்னக் கூடை அது. பறி என்பார்கள். அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டே மணிக்கணக்கில் ஊர்வார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அந்தக் கனவு.

கனவில் நான் டச்சுக்காரர்களின் கோட்டைக்குள்ளே டியூட்டியில் இருக்கிறேன். இன்றைக்கு வெறும் புதர்மேடாகக் கிடக்கிறதே, அதே கோட்டைதான், ஆனால் சுண்ணாம்பு அடித்து வெள்ளை வெளேரென்று நிற்கிறது. வெளியே முற்றத்தில் பூப்போட்ட துணி மூட்டை மூட்டையாகக் கப்பலுக்குக் காத்திருக்கிறது. ஜன்னல் வழியாக ஏரி வெளிச்சம் வந்து கூரையில் ஆடிக்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் அதே வெள்ளை யூனிஃபார்ம், மார்பில் குத்திய வாட்ச். கனவுக்கு யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?

ஏழுமலை வாசலில் வந்து நிற்கிறான். கையில் பறி. மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷியிடம் என்னமோ சொல்கிறான். பத்துச் சொல் இருக்கும்.

துபாஷி மரியாதை தெரிந்தவர். கொச்சையெல்லாம் பெரியவர்களிடம் கொண்டுபோக மாட்டார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு கிளார்க்கிடம் திரும்பி, "இவனுடைய சம்சாரத்துக்குச் சுகமில்லை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறான்" என்கிறார். அந்தப் பத்துச் சொல்லில் ஒன்றுகூட அதில் இல்லை.

கிளார்க்குக்கு வாழ்நாள் முழுக்கத் துணி மூட்டை எண்ணியே பழக்கம். ஏழுமலையின் கையைப் பார்க்கிறார். "கூடை ஒன்று" என்று எழுதிக்கொள்கிறார்.

அப்புறம் டாக்டர். நீளமான இறகுப் பேனா, சிவந்த மூக்கு. கிளார்க் எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, ரத்தம் கெட்டிருக்கும், கொஞ்சம் எடுத்துவிடலாம் என்று அவர் பங்குக்கு ஒரு வரி எழுதுகிறார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

மூன்று பேரும் கெட்டிக்காரர்கள். மூன்று பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். ஏழுமலை மட்டும் அங்கேயே நிற்கிறான். அவன் சொன்னது யாரிடமும் இல்லை.

எனக்குத் தெரியும். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். "ஐயா, அது இல்லை" என்று கத்தப் பார்க்கிறேன்... முடியவில்லை. என் வாயில் ஒரு பறி இருக்கிறது. ஓலை விளிம்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். வாயைத் திறந்தால் கீழே விழும். திறக்காவிட்டால் அஞ்சலை செத்துப்போவாள். ஏரி வெளிச்சம் கூரையில் மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கிறது.

பறி நழுவியது. விழித்துக்கொண்டேன். தாடை வலித்தது. தலைமாட்டில் யாரோ ஒரு டச்சுக்காரரின் கல், அதன்மேல் ஒரு அணில்.

படகுத்துறைக்கு நடந்தேன். சாப்பிட்டு வந்த படகுக்காரரிடம், அதுவரை படகை ஓட்டிக்கொண்டிருந்தவர் படகை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். ஒப்படைப்பு என்றால் என்ன... ஒருவர் இறங்கினார், ஒருவர் ஏறினார். "வாடை ஏறுது. கம்பத்துக்குத் தெக்கால மண்ணு" என்றார் இறங்கியவர். "சரி" என்றார் ஏறியவர். அவ்வளவுதான்.

"அவர் இன்னாப்பா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லமா. வடக்குக் காத்து ஏறி தண்ணி இறங்கிடிச்சி. அந்தக் கம்பம் தெரியுதா? அதுக்கு இந்தாண்ட போன வாரம் ஆழமா இருந்த எடத்துல இப்ப மண்ணு சேந்துகிச்சி. ஆள ஏத்திக்கினு போனா அடி தட்டும். சுத்திக்கினு போவணும், அரை மணி சேத்து ஆவும், உச்சி வெயிலு, நீ தலைல துணி போட்டுக்கோ."

தலையில் துணி போட்டுக்கொண்டேன். நாலு சொல்லில் இத்தனையும் இருந்திருக்கிறது. அது அவர் காதுக்குத்தான் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்டது வாடையும் மண்ணும் மட்டும்.

நர்ஸ்களும் இப்படித்தான். டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைப்போம் இல்லையா, ஹேண்டோவர் என்போம். டிரெய்னிங்கில் இருந்தபோது நான் ஒரு பெட்டுக்கு இரண்டு பக்கம் எழுதுவேன். நோயாளியின் மாமியார் பேர்கூட இருக்கும். அப்புறம் வருடம் ஆக ஆக நாலு வரி. அப்புறம் ஒரு வரி. காது தானாகவே பிரித்துவிடும் — இது சேதி, இது புலம்பல். சேதி மனசில் நிற்கும். புலம்பல் அப்படியே வடிந்துபோகும். கவனமாக மறக்கிறோம் என்பதுகூடத் தெரியாது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. என்னைப்போல் சுருக்கமாக ஹேண்டோவர் கொடுக்க அந்த வட்டாரத்தில் ஆளே இல்லை என்பார்கள்.

படகு மெதுவாகப் போனது. தூரத்தில் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். நாரைகளா நிழல்களா என்று தெரியாமல் என்னவோ நின்றுகொண்டிருந்தன. அந்த மயக்கத்தில் பன்னிரண்டு வருடம் பின்னால் போவதற்குச் சிரமமே இல்லை.

அன்றைக்கும் இதே மாதிரி ஒரு பகல். டாக்டர் கேம்ப்புக்குப் போயிருந்தார். காலை டியூட்டியில் நான் ஒருத்திதான். ஒன்றேகால் மணி வாக்கில் ஏழுமலை அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் தலை முதல் கால் வரை சேறு. அவள் நடந்துதான் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். கணுக்காலில் சின்னக் கீறல். ரத்தம் லேசாகக் கசிந்திருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"முள்ளு குத்தினாப்ல இருந்திச்சு" என்றாள். "இப்ப வலி இல்ல."

வலி இல்லை, வீக்கம் இல்லை. பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது. நாடி சரியாக இருந்தது. ஏரியில் கிளிஞ்சல் கிழித்துத் தினம் நாலு பேர் வருவார்கள். புண்ணைக் கழுவிக் கட்டினேன்.

அந்த நேரம் முழுக்க ஏழுமலை என் பின்னாலேயே நின்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"பறி வாயில நிக்கல நர்ஸம்மா."

"சரிப்பா."

"ரெண்டு வாட்டி நழுவிடுச்சி. இவ வாயில பறி நழுவி நான் பாத்ததே இல்ல."

"சரி சரி. டீட்டி ஊசி எடுக்கணும், தள்ளு."

"இல்ல நர்ஸம்மா, பறி..."

எனக்கு எரிச்சல் வந்தது. பிடித்த இறாலெல்லாம் தண்ணீரோடு போய்விட்டதே என்று இந்த ஆள் அழுகிறான் என்று நினைத்தேன். அன்றைய பாடு போன கவலை. அதையும் நான்தான் தீர்க்க வேண்டுமா? திரும்பி, நாலு பேர் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஏம்ப்பா, பொண்டாட்டி கால்ல ரத்தம் வருது. ஒனக்குக் கூடைதான் பெரிசா? மனுஷன்தானே நீ?"

அவன் வாயை மூடிக்கொண்டான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதை நான் பார்த்தேன், ஆனால் அதையும் குற்ற உணர்ச்சி என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஊசி போட்டேன். வீட்டில் போய்ப் படுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். அஞ்சலை எழுந்தபோது தோளைப் பிசைந்துகொண்டாள். காலையிலிருந்து ஊர்ந்தவளுக்குத் தோள் வலிக்காமல் இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றே முக்காலுக்குக் கஸ்தூரி வந்தாள். மத்தியான டியூட்டி அவளுக்கு. என் வயதுதான், ஒரே வருடத்தில் சர்வீஸில் சேர்ந்தவர்கள், வாரத்தில் மூன்று நாள் சண்டை போட்டுக்கொள்வோம். அவள் பிறந்தது இதே ஏரிக்கரை. அவள் அம்மா கையால் இறால் பிடித்துத்தான் அவளைப் படிக்கவைத்தாள்.

ஹேண்டோவர் கொடுத்தேன். முதல் பெட், நேற்றுப் பிரசவம், தாயும் பிள்ளையும் நலம். இரண்டாம் பெட் காய்ச்சல், டிரிப் மூன்று மணிக்கு முடியும். வெளி நோயாளியில் ஒரு கால் கீறல், டீட்டி போட்டு அனுப்பியாச்சு. முடிந்தது. கையெழுத்துப் போட்டேன். ஹேண்ட்பேகை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

மாட்டும்போது வாய் சும்மா இருக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தாளு கூத்தைக் கேளுடி. பொண்டாட்டி காலப் புடிச்சிக்கினு உக்காந்திருக்கா, இவன் பறி போச்சி பறி போச்சின்னு பொலம்பறான். நல்லா விட்டேன் டோஸ்."

கஸ்தூரி கையில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே, "பறிக்கு இன்னாவாம்?" என்றாள்.

"வாயில நிக்கலயாம். ரெண்டு வாட்டி நழுவிடுச்சாம்."

நோட்டை மூடினாள். "யாரு வாயில?"

"அஞ்சலை."

"வலிச்சுதா கடிச்ச எடம்?"

"கடியா? கீறல்டி. வலியே இல்லன்னா."

அவள் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"கடப் பாம்புடி அது" என்றாள். "எங்கம்மா தும்முனாக்கூட வாயில பறி நிக்கும். ஒருத்திக்கு நிக்கலன்னா தாடை மரத்துக்கினு வருதுன்னு அர்த்தம். எங்க அவ?"

கடல் பாம்பு கடித்தால் பெரும்பாலும் வலிக்காது. வீங்காது. மெதுவாகத் தாடை இறுகும், தோள், கழுத்து, உடம்பு முழுக்க இறுகும். கடைசியில் மூச்சு. எனக்கு இது தெரியாதா? தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். 'தாடை இறுக்கம்' என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த நிமிடமே பாய்ந்திருப்பேன். அவன் அதைத்தான் சொன்னான். அவனுக்குத் தெரிந்த பாஷையில், ஐந்து தடவை சொன்னான்.

கஸ்தூரி ஓடினாள். நானும் ஹேண்ட்பேகோடு ஓடினேன். துறையில் படகு முப்பது அடி போய்விட்டிருந்தது. ஏழுமலை கழி ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தான். அக்கரை போய்ச் சேர ஒரு மணி நேரம். அங்கே ரோடு கிடையாது, வண்டி கிடையாது. போயிருந்தால் அவள் அந்தக் குடிசையிலேயே படுத்தபடி மூச்சு விட முடியாமல் கிடந்திருப்பாள்.

கஸ்தூரி வெள்ளை ஷூவோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். "ஏய் ஏழுமலை, திருப்பு. படகத் திருப்பு."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. திருப்பினான். படகின் அடியில் அஞ்சலை படுத்திருந்தாள். "ஒடம்பெல்லாம் கட்டையாட்டம் இருக்குதுக்கா" என்றாள். பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. கண் இமை பாதிதான் திறந்தது.

நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வந்தது. பொன்னேரியில் நிற்காமல் நேராகச் சென்னைக்கு. ஏற்றிவிடும்போது கஸ்தூரி ஒரு சீட்டில் நேரம், பிரஷர், நாடி எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'கூடையைப் பல்லால் பிடிக்க முடியவில்லை, இரண்டு முறை நழுவியது, கணவர் பார்த்தது.' இதை எந்த டாக்டர் படிக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். படித்திருக்கிறார். அது எத்தனை மணிக்கு, முதல் தடவை எப்போது, இரண்டாவது எப்போது என்று ஏழுமலையை உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். கிட்னியைப் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நான் யாருக்கும் ஹேண்டோவர் கொடுக்கும்போது வாய் குழறியது. சாமி கும்பிடக்கூட வெட்கமாக இருந்தது.

அவள் பிழைத்து வந்தாள். நான் மாற்றலாகிப் போனேன். வருடங்கள் போயின.

கப்பல் கப்பலாக வந்த டச்சு அதிகாரிகள் எல்லோரும் அடுத்த ஆளுக்குக் கோட்டையை ஒப்படைத்துவிட்டுத்தானே போயிருப்பார்கள்? சாவி, பீரங்கி, கிடங்கு என்று எல்லாம் ஒழுங்காக எழுதி. வாசலில் நின்று ஒருத்தன் பத்துத் தடவை சொன்னதை யாராவது எழுதியிருப்பார்களா? படகில் உட்கார்ந்து இப்படி எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். அடி தட்டாமல் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

அஞ்சலை ஓட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். நண்டுக் குழம்பும் சோறும் போட்டாள். இப்போதும் ஏரிக்குப் போகிறாள். சுவரில் ஆணியில் பறி மாட்டியிருந்தது. விளிம்பில் ஒரே இடத்தில் ஓலை நசுங்கிப் பல் தடம் பதிந்திருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். சும்மா கடித்துப் பார்க்கட்டுமா என்று தோன்றியது, கனவு ஞாபகம் வந்து மாட்டிவிட்டேன்.

ஏழுமலை வெளியே மர நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடமாகத் தொண்டையில் இருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன்.

"ஏழுமலை, அன்னிக்கு ஒன்ன நாலு பேர் முன்னாடி அப்படித் திட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதப்பா."

அவன் பீடியைக் கீழே போட்டான்.

"அய்ய, நீ வேற நர்ஸம்மா. நீ திட்னதுதான் நல்லதாப் போச்சு."

"எப்படி?"

"திட்டாம சரி சரின்னு சொல்லி அனுப்பிச்சிருந்தா, மறந்திருப்ப. திட்டினதாலதான கஸ்தூரிக்காகிட்ட போய்ச் சொல்லிச் சிரிச்ச? அக்காவே எங்கிட்ட சொல்லிச்சி. இவ பொழச்சது அதால."

உள்ளேயிருந்து அஞ்சலை சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் சிரிக்கவில்லை. அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும், வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் சொன்னது அத்தனையும் நிஜம். நோட்டில் நான் எழுதிய வரியில் அஞ்சலை இல்லை. கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, ஹேண்ட்பேகை மாட்டிக்கொண்டே பேசிய வம்பில்தான் அவள் இருந்தாள்.

ஊருக்கு வந்ததும் கஸ்தூரிக்குப் போன் செய்து சொன்னேன். "இப்பத்தான் ஒத்துக்கறியா?" என்று கேட்டுவிட்டு அவள் வேறு சண்டைக்குப் போய்விட்டாள்.

என் இத்தனை வருட அனுபவம் அஞ்சலையைப் படகேற்றி அனுப்பியது. திருப்பிக் கூட்டிவந்தது என் வாய்க்கொழுப்பு.